அட்டையில் டைனோசர், உள்ளே கொசுவர்த்தி



பெரம்பலூரில் இப்படிப்பட்ட மேடைகளில் கம்பனைப் பேசுவார்கள். வள்ளுவனைப் பேசுவார்கள். கங்கைகொண்ட சோழபுரம் நம் பக்கத்தில் இருப்பதால் ராஜேந்திர சோழனைக் கட்டாயம் பேசுவார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? பழைய காமிக்ஸ் புத்தகங்களின் அட்டைகளும் விளம்பரங்களும்! சொன்னதும் வீட்டில் சிரித்தார்கள். "அதையெல்லாம் பேச மேடையா?" என்று கேட்டார்கள். "மேடை போட்டுவிட்டார்கள், மாலை வாங்கிவிட்டார்கள், இனி பேசாமல் இருக்க முடியாது" என்று கிளம்பி வந்துவிட்டேன்.

கதைகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. கதையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தக் கதை எந்த மாதம் வந்தது, எந்த வில்லன் எந்தப் பக்கத்தில் செத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ரசிகர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பார்கள். அட்டைக்கு ஆள் இல்லை. பின்னட்டைக்கு ஆள் இல்லை. உள்ளட்டையில் பல் காட்டிச் சிரித்த பல்பொடிப் பையனுக்கு ஆளே இல்லை. அவர்களுக்காகத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இரும்புக்கை மாயாவியைத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா! தலை நரைத்த அத்தனை பேரும் கை தூக்கிவிட்டார்கள். தூக்காதவர்கள் மனைவி பக்கத்தில் இருப்பதால் தூக்கவில்லை.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கியது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். இங்கிலாந்தில் 1962இல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் பிறந்த ஆள் அவர். சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஒரு விபத்தில் வலது கை போய்விட்டது, இரும்புக் கை வைத்துக்கொண்டார். அந்தக் கையில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துபோகும், கை மட்டும் தெரியும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கை, சிவகாசி வழியாக நம் ஊருக்கு வந்து, நம் ஊர்ப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த மாயாவி லண்டனில் பிறந்ததால் பிழைத்தார். நம் பக்கத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வில்லன் வெள்ளாற்றைத் தாண்டி ஓடுகிறான். மாயாவி பிளக்கில் விரலை வைக்கிறார். கரண்டு இல்லை. இரண்டு மணிக்கு வரும் என்கிறார்கள். இரண்டு மணிக்கு வருகிறது, ஆனால் லோ வோல்டேஜ். பாதி உடம்புதான் மறைகிறது. வில்லன் அதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்கே போய்விட்டான்!

சிரிக்காதீர்கள். மறைவதும் தோன்றுவதும் நமக்குப் புதிதா? அரியலூர் மாவட்டம் என்ன செய்தது? 2001 ஜனவரி 1ஆம் தேதி தோன்றியது. அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில் மறைந்து பெரம்பலூரோடு கலந்துவிட்டது. 2007 நவம்பர் 23ஆம் தேதி மறுபடியும் தோன்றியது. உலகத்தில் எந்த காமிக்ஸ் கதாநாயகனும் இந்த அளவுக்கு வித்தை காட்டியதில்லை. இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் அரியலூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கை மட்டும்தான்: மனுவைப் பிடித்த கை.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

அந்தக் கால காமிக்ஸ் அட்டை எப்படி இருக்கும்? நான்கு வண்ணத்தில் இருக்கும். நான்கும் நான்கு திசையில் நிற்கும். கதாநாயகனுக்குச் சிவப்புச் சட்டை, பின்னால் மஞ்சள் வானம், வானத்தில் பச்சைப் புகை, அந்தப் புகைக்கு நடுவில் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள். அச்சில் வண்ணம் கொஞ்சம் விலகியிருந்தால் அந்தப் பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போயிருக்கும். யாரும் குறை சொல்ல மாட்டோம். நாட்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுப் பெட்டியும் அச்சடித்த ஊர் சிவகாசி. அங்கே வண்ணத்தைக் கொஞ்சமாக ஊற்ற யாருக்கும் மனம் வராது. சிவகாசி அட்டையில் அமைதியான காட்சி என்ற ஒன்றே கிடையாது. யாராவது யாரையாவது உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்கி, வீட்டுக்கு ஓடி, திறந்து பார்த்தால்? உள்ளே கறுப்பு வெள்ளை! சாணித் தாள். அட்டையில் துப்பாக்கி ஏந்தியவர் உள்ளே முதல் இருபது பக்கம் ஓர் அறையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருப்பார். அட்டையில் பாய்ந்த புலியைத் தேடித் தேடிக் கடைசிப் பக்கம் வரை போவோம். புலி வந்திருக்காது. ஒரு மூலைக் கட்டத்தில் புலியின் வால் மட்டும் தெரியும். "அட்டையில் போட்ட புலி எங்கே?" என்று கேட்டு யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியதுண்டா? இல்லை. ஏன் இல்லை? புலியை நாங்களே உள்ளே விட்டுப் படித்துக்கொண்டோம்.

அட்டையில் மட்டும் ராட்சதன் இருப்பான், உள்ளே தேடினால் இருக்க மாட்டான் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. நம் மண் எப்படிப்பட்ட மண்? சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. காரையில் கிளிஞ்சல் கொத்துகள். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டினால் கடல் பிராணி எட்டிப் பார்க்கிற மண். அந்த அரியலூர்ப் பக்கத்துக் கள்ளமேட்டில் மாபெரும் எலும்புகள் கிடைத்தன. 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தப் பிராணிக்கு 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பையன் கையைத் தூக்கி நின்றாலும் எட்டாது. அளவுகள் சரி என்றால் உலகத்தில் நடமாடிய மிகப் பெரிய நில விலங்குகளில் அது ஒன்று. பிறகு என்ன ஆயிற்று? எலும்புகள் உதிர்ந்துபோயின. இன்று கையில் இருப்பவை கோட்டுப் படங்களும் சில பழைய புகைப்படங்களும்தான். ஆக, உலகத்தின் ஆகப்பெரிய டைனோசர்களில் ஒன்று, நம் ஊர் டைனோசர், அட்டைப்படத்தில் மட்டும் இருக்கிறது!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். முதலில் அதை மாமிசம் தின்கிற பிராணி என்றார்கள். அப்புறம், இல்லை, இலை தழை தின்கிற பிராணி என்றார்கள். வில்லனாக அறிமுகமாகி நல்லவனாக மாறிவிட்டது. இதை வேறு எங்கே பார்த்தோம்? காமிக்ஸில் வந்த ஸ்பைடர்! கூரான காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகப்போகிறேன் என்று கிளம்பியவர், சில ஆண்டுகளிலேயே குற்றவாளிகளைப் பிடிக்கிற வேலைக்கு வந்துவிட்டார். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் இந்த ஸ்பைடருக்கும் கதை எழுதியிருக்கிறார். நம் பையன்களுக்கு ஜெர்ரி சீகலைத் தெரியாது. ஹெலிகாரைத் தெரியும். மண்வெட்டிக் கட்டையை ஹெலிகார் ஆக்கி வரப்பிலிருந்து குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள், நான் பெயர் சொல்லப் போவதில்லை.

இனி 1984. அந்த ஆண்டை நான் மறக்கவே மாட்டேன். ஒரே ஜூலை மாதத்தில் இரண்டு காமிக்ஸ்! ஒரு பக்கம் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ். ஆசிரியர் விஜயனுக்கு அப்போது வயது 17. நம் வீட்டில் 17 வயதுப் பையனை நம்பி ரேஷன் கார்டைக் கொடுக்க மாட்டோம். அவர் ஒரு பத்திரிகையே தொடங்கிவிட்டார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. இன்னொரு பக்கம் தினத்தந்தி வீட்டிலிருந்து ராணி காமிக்ஸ். விலை ஒன்றரை ரூபாய். முதல் இதழிலேயே ஜேம்ஸ் பாண்ட், 'அழகியைத் தேடி'. யோசித்துப் பாருங்கள்: ஒரு கடையில் மாடஸ்டி, பக்கத்துக் கடையில் பாண்ட். கையில் இருப்பதோ ஒன்றரை ரூபாய். ஒரு சிறுவனுக்கு இதைவிடப் பெரிய தர்மசங்கடம் உண்டா?

அதிலும் ஒரு குழப்பம். முகமூடி போட்டு, மண்டை ஓட்டு மோதிரம் மாட்டி, குதிரையில் வருகிற ஃபேண்டம் இருக்கிறாரே, அவரை முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. மாயாவி என்றால் எங்களுக்கு இரும்புக்கை அல்லவா? பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சி. "என் மாயாவிக்குக் கை இரும்பு!" "என் மாயாவி குத்தினால் தாடையில் மண்டை ஓடு முத்திரை விழும்!" இடைவேளையில் தொடங்கிய வழக்கு மணி அடித்த பிறகும் முடியாது. வாத்தியார் இரண்டு கட்சிக்கும் பாரபட்சமில்லாமல் தீர்ப்பு எழுதினார், பிரம்பால்.

பெண்மணிகள் மன்னிக்க வேண்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் குறைவான துணியோடு கிளம்பிய சில அழகிகள், தமிழ்நாட்டுக்கு வந்து சேரும்போது பொறுப்பாக உடுத்திக்கொண்டு வந்தார்கள். அச்சகத்து ஓவியர் கறுப்பு மையால் அவர்களுக்கு ஒரு ரவிக்கை தைத்துவிடுவார். நீச்சல்குளத்தில் கூட ரவிக்கைதான். எங்கள் ஒழுக்கத்தை யாரோ ஒருவர் தூரிகையோடு விடிய விடியக் காவல் காத்திருக்கிறார். அவருக்கு இதுவரை யாரும் சால்வை போர்த்தவில்லை. அவர் எத்தனை பேருக்குப் போர்த்தியிருக்கிறார்!

இப்போது விளம்பரம். நான் பேச வந்ததில் பாதி இதுதான்.

காமிக்ஸில் வந்த விளம்பரங்களில் ராஜா எது? 'விரைவில் வருகிறது!' என்ற பக்கம். மூன்று ஆச்சரியக்குறி, அதற்குக் கீழே ஒரு நிழல் உருவம். "அடுத்த வெளியீடு! முன்பதிவு செய்யுங்கள்!" என்று இருக்கும். அடுத்த மாதம் போனால் வேறு புத்தகம் வந்திருக்கும். அதிலும் பழைய நிழல் உருவம், மறுபடி 'விரைவில்'. 'இரத்தப் படலம்' என்ற நெடுங்கதை எண்பதுகளில் தொடங்கியது. அத்தனை பாகமும் சேர்ந்து ஒரே குண்டுப் புத்தகமாக வந்தது எப்போது? 2010இல்! பள்ளிக்கூடத்தில் முதல் பாகம் படித்தவர் முழுத் தொகுப்பை வாங்கும்போது மூக்குக் கண்ணாடி தேட வேண்டியிருந்தது. நான் குறையாகச் சொல்லவில்லை. காத்திருப்பது எப்படி என்று அரசாங்க அலுவலகம் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் எங்களுக்குக் காமிக்ஸ் கற்றுக் கொடுத்துவிட்டது.

அடுத்தது பொருள் விளம்பரங்கள். மாயாவி கடலுக்கடியில் மூழ்கிக்கொண்டிருப்பார், பக்கத்தைத் திருப்பினால் கொசுவர்த்திச் சுருள். வேதாளரின் மண்டை ஓட்டுக் குகை, எதிர்ப்பக்கத்தில் பல்பொடி. இந்திரஜால் காமிக்ஸில் பாப்பின்ஸ் மிட்டாய்க்குத் தனியாக ஒரு சித்திரக் கதையே ஓடும். இரண்டு பையன்கள் திருடனைப் பிடிப்பார்கள், பரிசு மிட்டாய். அதைப் பார்த்துவிட்டு நாங்களும் திருடனைத் தேடி அலைந்தோம். எங்கள் தெருவில் திருட என்ன இருந்தது, திருடன் வர?

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே காமிக்ஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் 'கடல் குரங்குகள்' என்று ஒரு விளம்பரம் வரும். தலையில் கிரீடம், அப்பா, அம்மா, குழந்தை என்று ஒரு கடல்வாழ் ராஜ குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கும். காசு அனுப்பினால் பொட்டலத்தில் ஒரு பொடி வரும். தண்ணீரில் கொட்டினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சில உப்புநீர் இறால் குஞ்சுகள் நீந்தும். கிரீடமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இன்னொன்று, சார்லஸ் அட்லஸ். கடற்கரையில் ஒல்லிப் பையன் முகத்தில் ஒரு முரடன் மணலை எத்துவான். ஒல்லிப் பையன் தபாலில் உடற்பயிற்சிப் பாடம் வாங்கி, புஜம் ஏறி வந்து, அந்த முரடனுக்கு ஒரு குத்து விடுவான். அமெரிக்கப் பையன்கள் லட்சக்கணக்கில் பணம் கட்டினார்கள்.

நம்மூரில் என்ன குறைச்சல்? முப்பது நாளில் இந்தி! உயரம் வளர மருந்து! பார்த்த மாத்திரத்தில் மயக்கும் மெஸ்மரிசம்! அத்தனையும் வி.பி.பி.யில் வீடு தேடி வரும். ஜயங்கொண்டம் பக்கம் என் நண்பர் ஒருவருக்கு ஓர் அண்ணன். 'வீட்டிலேயே சினிமா தியேட்டர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து அஞ்சலட்டை போட்டுவிட்டார். ஒரு நாள் தபால்காரர் சைக்கிளில் வந்து இறங்குகிறார். "வி.பி.பி. வந்திருக்கு, 40 ரூபாய் எடுங்க." அப்பாவுக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். தெருவே கூடிவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் மானத்தை விட முடியுமா? பணத்தைக் கட்டிவிட்டார். பிரித்தால் ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பூதக்கண்ணாடிச் சில்லு, நாலு துண்டு பிலிம். அவ்வளவுதான் தியேட்டர்! அண்ணன் தளரவில்லை. அன்றைக்கு இரவு சுவரில் வேட்டியைக் கட்டி, பெட்டிக்குள் டார்ச் லைட்டை வைத்துப் படம் காட்டினார். எம்.ஜி.ஆர். வந்தார். ஆனால் தலைகீழாக வந்தார். பிலிமைத் திருப்பி வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பையன்கள் அத்தனை பேரும் திரும்பி நின்று, குனிந்து, கால் இடுக்கில் தலையை விட்டு எம்.ஜி.ஆரை நேராகப் பார்த்து விசில் அடித்தார்கள். அந்தக் கம்பெனி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அண்ணனுக்கு அதன் மேல் இன்றும் கோபம் இல்லை.

ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? வெறுமனே சிரித்துவிட்டுப் போகவா? இல்லை நண்பர்களே. இனி நான் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அந்தக் காமிக்ஸ் புத்தகங்களில் நம்முடையது எது? இரும்புக்கை மாயாவி இங்கிலாந்துக்காரர். மாடஸ்டியும் அங்கிருந்து வந்தவர்தான். டெக்ஸ் வில்லர் இத்தாலி. லக்கி லூக் பெல்ஜியம். மாண்ட்ரேக்கும் வேதாளரும் அமெரிக்கா. படமும் அவர்களுடையது, கதையும் அவர்களுடையது. அப்படியானால் நம்முடையது எது? வசனத்தைத் தமிழில் பேச வைத்தது நாம். புலியைப் பாய வைத்த அட்டை நம் ஓவியர் வரைந்தது. ரவிக்கை நம் தையல். பல்பொடி நம் பல்லுக்கு வந்தது. கொசு நம் கொசு. வாசகர் கடிதம் எழுதியவன் நம் பக்கத்து ஊர்ப் பையன். 'விரைவில் வருகிறது' என்பதை நம்பி ஏமாந்தது சத்தியமாக நாமேதான்!

இப்போது என்ன நடக்கிறது? நல்லதே நடக்கிறது. 2012 முதல் லயனும் முத்துவும் புதுப் பொலிவோடு வருகின்றன. பளபளக்கும் தாள், உள்ளே முழு வண்ணம். முத்து காமிக்ஸ் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. பழைய கதைகள் மறுபதிப்பாக வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் மறுபதிப்பில் எது வருகிறது? கதை வருகிறது. வெள்ளைக்காரன் எழுதியது பத்திரமாக இருக்கிறது. நம்முடையது, அந்தப் பழைய அட்டை, அந்த விளம்பரம், அந்தக் கடிதம், அது எங்கே போயிற்று? வாடகை நூல் நிலையத்தில் பைண்டிங் போடும்போது அட்டையைக் கிழித்துப் போட்டார்கள். மீதி எடைக்குப் போயிற்று. கடலையோடு மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வாசகர் கடிதத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்கிறீர்களா? சுப்பாண்டியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தியா முழுக்கச் சிரிக்கிற முட்டாள் வேலைக்காரன். 1983இல் 'டிங்கிள்' பத்திரிகையில் ராம் வயீர்க்கர் வரைந்து வந்தான். அந்தக் கதையை எழுதி அனுப்பியவர் யார்? பம்பாய்க்காரரா? டெல்லிக்காரரா? திருச்சியிலிருந்து வரதராஜன் என்ற வாசகர்! அப்போது பெரம்பலூரும் இல்லை, அரியலூரும் இல்லை, நாம் அத்தனை பேரும் திருச்சி மாவட்டம். ஆக, சுப்பாண்டி நம் மாவட்டத்துப் பையன். ஒரு வாசகர் தபால்தலை ஒட்டி அனுப்பிய கடிதத்தால் கிடைத்தவன். வாசகர் பக்கம் என்று நாம் கிழித்தெறிந்த தாளில் இன்னும் எத்தனை சுப்பாண்டிகள் போனார்களோ!

இப்படிப்பட்ட தாளைக் கிழிக்காமல் சேர்த்தவரும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிறவர். அவர் புத்தகம் சேர்த்தார், சரி. கூடவே கல்யாணப் பத்திரிகை சேர்த்தார், நாடக நோட்டீஸ் சேர்த்தார். ஊரார் சிரித்திருப்பார்கள். இன்று சென்னையில் அவர் பெயரால் இருக்கிற ஆராய்ச்சி நூலகத்துக்கு உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். நோட்டீஸைப் பார்க்க வருகிறார்கள், அய்யா! நாம் கடலை மடித்த தாளைப் பார்க்க விமானத்தில் வருகிறார்கள்.

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, என் வேண்டுகோள் சிறியது. இன்று வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறுங்கள். முட்டி வலி இருந்தால் பேரனை ஏற்றுங்கள். டிரங்குப் பெட்டியைத் திறங்கள். ஒரு முத்து காமிக்ஸ், ஒரு ராணி காமிக்ஸ், ஒரு பூந்தளிர் இதழ் கிடைத்தால், கதைப் பக்கம் நாலு போயிருந்தாலும் கவலைப்படாதீர்கள், கதை எங்கேயாவது கிடைத்துவிடும். முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை, 'விரைவில் வருகிறது', கொசுவர்த்தி, பல்பொடி, வாசகர் கடிதம், இவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த வருஷம் வாங்கினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே செருகுங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே போய்க் காட்டுங்கள், ஒரு அலமாரி கேளுங்கள். ஒரு அலமாரி போதும். பழைய பேப்பர்காரர் வாசலில் மணி அடித்தால், இந்த வாரம் மட்டும் கதவைத் திறக்காதீர்கள்.